காலண்டரில் ஒரு வட்டம்

மத்திய அரசு வேலையிலிருந்து ரிட்டயரான என் அப்பா, அமெரிக்காவிலிருக்கும் அண்ணனோடு போய்விட்டார். கிளம்புமுன் மனசில்லாமல் விற்றது, தன் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரை. 1961 முதல் நம்ம சென்னையிலேயே தயாரான கார் அது! முன்பக்கம் மொத்தத்தையும் முதலை வாய் மாதிரித் திறந்து வைத்துக்கொண்டு, ஞாயிறெல்லாம் அதோடுதான் பேச்சு. ஆயில் மாற்றும் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைப்பார்.

அப்பேர்ப்பட்டவர், நவம்பரில் தர வேண்டிய உயிர்வாழ் சான்றிதழை மறந்துவிட்டார். பென்ஷன் நின்றுபோச்சு! "பிள்ளை கையை எதிர்பார்க்கும்படி ஆயிடுச்சேம்மா" என்று போனில் குரல் தழுதழுத்தது. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றிதழ் வாங்கி பாங்குக்கு அனுப்பிய பிறகு, பாக்கியும் சேர்ந்து வந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களும் வெளிநாட்டில் இருக்கிறார்களா? எண்பது வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே தரலாம். இப்போதே காலண்டரில் வட்டமிடுங்கள், சகோதரிகளே!