வெளிச்சம் பல்பில் மட்டும் இல்லை, ஒயரிலும் இருக்கிறது!

பாடி, அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி, பூந்தமல்லி என்று நீளும் சென்னையின் மேற்குப் புறநகரை வண்டிகளின் ஊர் என்றே சொல்லலாம். வாகன மின்சாதனங்களுக்குப் பெயர்பெற்ற லூகாஸ் டி.வி.எஸ். 1961-ல் தொடங்கிய நிறுவனம். அதன் ஆலை பாடியில் இருக்கிறது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பூந்தமல்லிக்கு மேற்கே புதுச்சத்திரத்தில் வாகன விளக்குகள் செய்யும் ஆலையே இருக்கிறது. ஸ்பேனர் பிடித்துப் பழகிய கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அதனால் தார், ஜிப்ஸி, கூர்க்கா என்று ஏதாவது ஒன்றை வைத்திருப்பவர் பம்பரில் இரண்டு ஹாலஜன் விளக்கு மாட்ட நினைத்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்துவிடுகிறார்.

செய்யக்கூடிய வேலைதான். ஆனால் தப்பாகச் செய்தால் நஷ்டம் இரண்டு பேருக்கு. வண்டிக்குள் இருப்பவருக்குத் தீ ஆபத்து. எதிரே வருபவருக்குக் கண் கூசும் ஆபத்து. இரண்டையும் வாங்கும்போதே யோசிக்க வேண்டும்.

கணக்கு முதலில்

ஜி.பி. ரோடு கடைகளில் விளக்கைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் செலவிடுகிறவர்கள், ஒயரைக் கேட்காமலேயே வாங்கிவிடுகிறார்கள். உண்மையில் வெளிச்சத்தைத் தீர்மானிப்பதில் ஒயருக்குப் பெரிய பங்கு உண்டு.

55 வாட் விளக்கு இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட் பேட்டரியில் அது சுமார் 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். இதை 0.5 சதுர மி.மீ. ஒயரில், போகவும் வரவும் 6 மீட்டர் ஓடவிட்டால், ஏறக்குறைய 2 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். 'இரண்டு வோல்ட்தானே' என்று விட முடியாது. ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் பல மடங்கு வேகமாகக் குறையும். 12-க்குப் பதில் 10 வோல்ட் போனால் வெளிச்சம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அதே வேலைக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் நிற்கும். விளக்கு மங்கலாக இருக்கிறதே என்று 100 வாட் பல்புக்கு மாறுவதைவிட, 55 வாட்டுக்கு நல்ல ஒயர் போடுவதே புத்திசாலித்தனம்.

ஃபியூஸ் யாரைக் காக்கிறது?

ஃபியூஸ் விளக்கைக் காப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது ஒயரை. கரடுமுரடான பாதையில் வண்டி குலுங்கும்போது ஒயர் தகட்டின் விளிம்பில் உரசி, மேலுறை கிழிந்து, பாடியைத் தொட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் அனுப்பும். ஒயர் பழுத்துத் தீப்பிடிக்கும். ஆகவே 15 ஆம்பியர் ஃபியூஸை விளக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் ஒயருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

ரிலே இல்லாமல் வேண்டாம்

வண்டியில் ஏற்கெனவே இருக்கும் ஹெட்லைட் ஒயரைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றிப் புது விளக்கைக் கோப்பது சுலபம்தான். ஆனால் அந்த ஸ்விட்ச் இவ்வளவு மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டதில்லை. நாளடைவில் சூடாகி உருகும். வீட்டு போர்வெல் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி எப்படியோ, கூடுதல் விளக்குக்கு ரிலே அப்படி. சின்ன மின்சாரம் கட்டளையிடும். பெரிய மின்சாரம் தனி வழியில் போகும்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். பிறகு ரிலேயின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பார்க்கலாம். ஃபியூஸ் வழியாக வரும் பேட்டரி ஒயர் 30-க்கு. விளக்குகளுக்குப் போகும் ஒயர் 87-லிருந்து. 85 பாடி எர்த்துக்கு. 86-க்கு, ஹெட்லைட்டின் ஹை பீம் ஒயரிலிருந்து டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக ஒரு இணைப்பு.

இந்தக் கடைசி இணைப்புதான் முக்கியம். இப்படிக் கோத்தால் ஹை பீம் எரியும்போது மட்டுமே கூடுதல் விளக்கும் எரியும். ஓட்டுநர் 'டிம்' செய்தவுடன் இரண்டும் தானாக அணையும். பேட்டரியிலிருந்து நேரடி ஸ்விட்ச் வைத்துவிட்டால், அணைக்க மறக்கும் ஒரு நிமிஷம் போதும்.

சில வண்டிகளில் ஹெட்லைட் ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கும். புதிய மாடல்களில் விளக்கைக் கணினிப் பெட்டி கட்டுப்படுத்தும். மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்காமல் எந்த ஒயரையும் வெட்டக் கூடாது. சந்தேகம் இருந்தால் இந்த ஒரு இணைப்பை மட்டும் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடலாம்.

மாட்டும்போது

கிளாம்ப் ஆடினால் வெளிச்சமும் ஆடும். தடிமனான இரும்புப் பட்டையே நல்லது. ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியை விளக்கு மறைக்கக் கூடாது. எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளப்பான உலோகத்தில் முடுக்க வேண்டும். சைலன்ஸர் பக்கம் ஒயர் போகவே கூடாது. தகட்டுத் துளை வழியாகப் போனால் ரப்பர் குரோமெட் கட்டாயம். தண்ணீர் தேங்காதபடி ரிலேயின் பின்கள் கீழ்நோக்கி இருக்கட்டும்.

ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டனை உள்ளிருக்கும் அயோடின் அல்லது புரோமின் வாயு மறுபடி இழைக்கே கொண்டு சேர்க்கிறது. அது நடக்க, சின்னஞ்சிறு குவார்ட்ஸ் கண்ணாடி கடும் சூட்டில் இருந்தாக வேண்டும். விரல் எண்ணெய் படிந்த இடம் சீரற்றுச் சூடேறி பல்பின் ஆயுளைக் குறைக்கும். தெரியாமல் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிடலாம். ஓடையைக் கடக்கும் முன் விளக்கை அணைத்து ஆறவிடுவதும் இதற்காகத்தான். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் நிச்சயம்.

எதிரே வருபவரின் கண்

ராணுவ லாரிகளின் பின் அச்சில் வெள்ளை வண்ணம் பூசி, அதன்மேல் மட்டும் விழும்படி ஒரு சின்ன விளக்கு வைத்திருப்பதை ஆவடிக்காரர்கள் பார்த்திருப்பார்கள். பின்னால் வரும் லாரிக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பது அதன் தத்துவம். வெளிச்சம் தேவையான இடத்துக்கு மட்டும் போக வேண்டும்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு பைக் மூன்று விநாடியில் 50 மீட்டர் கடக்கும். இரவு ஷிஃப்ட் முடிந்து திருவள்ளூர் ஹை ரோட்டில் வீடு திரும்பும் தொழிலாளியின் கண் அந்த மூன்று விநாடி கூசினால், 50 மீட்டரை அவர் குருடாகக் கடக்கிறார். பள்ளமோ மாடோ அதற்குள் இருந்தால்?

சட்டமும் இதில் கண்டிப்பானது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஆகவே கழற்றி மாட்டும் வகையில் செய்வதே சிறந்த வழி. விளக்குப் பட்டையை இரண்டு போல்ட்டில் நிறுத்தி, ஒயரில் தண்ணீர் புகாத பிளக் வைத்துவிட்டால் ஐந்து நிமிஷத்தில் கழற்றிவிடலாம். பொதுச் சாலையில் போகும்போது விளக்குகள் பெட்டிக்குள் இருக்கட்டும். சொந்தத் தோட்டம், அனுமதி பெற்ற ஆஃப்-ரோடு பாதை என்று போய்ச் சேர்ந்த பிறகு மாட்டினால் போதும்.

வேலை முடிந்ததும் இரண்டு சோதனைகள். சமதளத்தில் சுவரிலிருந்து 8 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, ஒளியின் நடுப்பகுதி அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே விழும்படி திருப்ப வேண்டும். அடுத்து, இன்ஜின் ஓட அரை மணி நேரம் விளக்கை எரியவிட்டு, ஒயர், ரிலே, ஃபியூஸ் பெட்டி எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ரிலே இளஞ்சூடாக இருப்பது இயல்பு. ஒயரோ இணைப்போ சுட்டால் எங்கோ முடுக்கு தளர்ந்திருக்கிறது, அல்லது ஒயர் மெலிந்திருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை வண்டி வாசலைத் தாண்டக் கூடாது.