கடலுக்குச் சுட்டால் யாருக்கும் படாதாம்

"காத்துத் துவக்குத்தானே? விளையாட்டுச் சாமான். பெடியளைச் சும்மா பயப்படுத்தாதேங்கோ." திருகோணமலையில் இந்தப் பேச்சைப் பதினைந்து வருடமாகக் கேட்டு வருகிறேன். கடைசியாகக் கேட்டது ஒரு விளையாட்டுக் கழகக் கூட்டத்தில், ஒலிவாங்கிக்கு முன்னால். பேசியவர் காரணங்களை அடுக்கினார், சபை கைதட்டியது. முன்வரிசையில் பதினாலு, பதினைந்து வயதுப் பெடியள் இருந்தார்கள். அவர்களும் சேர்ந்து கைதட்டியதைப் பார்த்த பிறகு எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

விளையாட்டுச் சாமானா? உள்ளே போடும் ஈயக்குண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். உடுக்கை வடிவம், 4.5 மில்லிமீட்டர் விட்டம், அரைக் கிராம் எடை. போட்டிக்குப் பயன்படும் துவக்கிலிருந்து அது செக்கனுக்கு ஏறக்குறைய 170 மீட்டர் வேகத்தில் புறப்படும். சுருள்வில் துவக்குகள் பலவற்றில் வேகம் இன்னும் அதிகம். தோலைத் துளைக்கச் செக்கனுக்கு நூறு மீட்டரை ஒட்டிய வேகமே போதும். கண்ணுக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை.

"யுத்தத்தைப் பார்த்த சனத்துக்குத் துவக்குப் பாடம் எதற்கு?" என்றும் கேட்டார். யுத்தம் முடிந்தது 2009இல். முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். பார்த்த எங்களுக்கும் துவக்கு தெரியாது, துவக்குக்குப் பயப்படத்தான் தெரியும்.

துவக்கின் விசையைத் தடுக்கும் பூட்டைப் போட்டால் போதுமாம். பூட்டு ஒரு சிறு இரும்புத் துண்டு. தேயும், சில நாள் போடவே மறந்துபோகும்.

அடுத்த காரணம் "வெறும் துவக்கு", குண்டில்லாதது என்பது. இந்தச் சொல்லுக்கு மட்டும் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். தெரிந்த வீடொன்றில் துவக்கு சுவரில் சாய்ந்திருந்தது, குழல் குசினிப் பக்கம் பார்த்தபடி. "வெறும் துவக்கு மாமா" என்றான் வீட்டுப் பெடியன். குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, விசையில் விரல் படாமல் மடித்தேன். சுருள்வில்லின் எதிர்ப்பே இல்லை, முன்பே இழுத்து வைக்கப்பட்டிருந்தது. குழலின் பின்வாயில் ஈயத்தின் சாம்பல் விளிம்பு தெரிந்தது. குசினிக்குள் அவனுடைய அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பெடியன் பொய் சொல்லவில்லை, வெறும் துவக்கென்றே நம்பியிருந்தான்.

இனி, சபையில் அதிகக் கைதட்டல் வாங்கிய வாதம்: "எங்கட ஊரிலே மூன்று பக்கமும் கடல். தண்ணிக்குச் சுட்டால் ஆருக்குப் படும்? வெள்ளைக்காரனே புறாத்தீவிலேதானே சுட்டுப் பழகினவன்!" புறாத்தீவு சுடுபயிற்சி இடமாக இருந்தது உண்மை. ஆனால் அது ஆட்சியாளர் ஒதுக்கி வைத்திருந்த தீவு. 2003 முதல் தேசியப் பூங்கா. இன்று நிலாவெளியிலிருந்து படகு படகாகச் சனம் போகிறது.

தண்ணீர் குண்டை விழுங்கிவிடும் என்பதுதான் இதில் ஆபத்தான நம்பிக்கை. தட்டைக் கல்லைக் கடலில் தத்தவிட்டு விளையாடாத பிள்ளை எங்கள் ஊரில் உண்டா? சாய்வாகப் படுவதைத் தண்ணீர் உள்ளே எடுக்காது, மேலே தூக்கி எறியும். ஈயமும் அப்படியே. பாய்மரக் கப்பல் காலத்துப் பீரங்கிக்காரர்கள் குண்டை வேண்டுமென்றே கடலில் தட்டவிட்டு எதிரிக் கப்பலை அடித்தார்கள். 1943இல் ஜெர்மனியின் அணைகளை உடைத்த பிரித்தானியக் குண்டும் நீரில் தத்திப் போனதுதான்.

இதைக் காட்டச் சாதாரண தரக் கணக்கே போதும். உருண்டைக் குண்டொன்று நீரில் பட்டுத் தெறிக்கும் எல்லைக் கோணத்துக்கு ஒரு பழைய அண்ணளவு விதி உண்டு: 18 பாகையை அந்தப் பொருளின் சாரடர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். ஈயத்தின் சாரடர்த்தி 11.3. விடை 5 பாகைக்குச் சற்று மேல். இப்போது கரையில் நின்று, ஒன்றரை மீட்டர் உயரத்தில் துவக்கைப் பிடித்து, இருபது மீட்டருக்கு அப்பால் மிதக்கும் போத்தலைக் குறிவைக்கும் பெடியனை நினையுங்கள். அவன் குண்டு நீரைத் தொடும் கோணம் 4 பாகைக்குச் சற்று மேல். எல்லைக்குள் விழுகிறது. போத்தல் தள்ளிப் போகப் போகக் கோணம் இன்னும் குறையும். உடுக்கைக் குண்டுக்கு எண் கொஞ்சம் மாறலாம், தெறிப்பது மாறாது.

தெறித்த குண்டு எங்கே போகும் என்று சுட்டவனுக்குத் தெரியாது. காற்றுத் துவக்குக் குண்டு முந்நூறு மீட்டர்கூடப் போகக்கூடியது. உட்துறைமுகத்தில் அந்தத் தூரத்துக்குள் வலை இழுப்பவர் இருப்பார், வள்ளத்தில் குனிந்து தண்ணீர் இறைப்பவர் இருப்பார். பின்னேரத்தில் டச்சுக்குடாவில் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும் பிள்ளைகளின் தலை மட்டுமே வெளியே தெரியும். மண் மூட்டை குண்டை நிறுத்தும். கடல் நிறுத்தாது. நான் எங்கே போனாலும் இதையே சொல்கிறேன், சொல்லி அலுக்கவும் இல்லை.

இது விளையாட்டுச் சாமான் என்பவர்கள், இதை வைத்து உண்மையாக விளையாடுகிறவர்களைப் பார்க்கட்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் காற்றுத் துவக்குப் போட்டியில் எங்கள் நாட்டுக்காகச் சுட்டவர் தெஹானி எகொடவெல. அதே போட்டியில் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் சுட்டார். உலகப் போட்டிகளில் சுடாத நேரமெல்லாம் துவக்குக்குள் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் நாடா ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. காற்றுத் துவக்கென்றால் அந்த நாடா பின்வாயில் நுழைந்து குழலின் முனையால் வெளியே நீள வேண்டும். குழலுக்குள் குண்டில்லை என்பதைக் களத்தில் நிற்கும் எல்லோரும் தூரத்திலிருந்தே கண்ணால் காண வேண்டும். ஒலிம்பிக் வீராங்கனை "வெறும் துவக்கு" என்று வாயால் சொன்னால் அங்கே யாரும் ஏற்கமாட்டார்கள்.

"வெறும் துவக்கு மாமா" என்ற அந்த வீட்டுப் பெடியனுக்கு, நாடாவுக்குப் பதிலாக ஒன்றரை முழம் தடித்த தங்கூசி வெட்டிக் கொடுத்தேன். இரண்டு நுனியிலும் செம்மஞ்சள் மை பூசினான். இப்போது அவர்கள் வீட்டுக்குப் போனால் குழல் வாயில் ஒரு சாண் தங்கூசி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். அவனுடைய அம்மாவும் அதைத்தான் பார்க்கிறார்.