அம்மாவுக்கு விளங்கிய ஆங்கிலப் படம்

"அப்பா, உங்களுக்குப் படம் பார்க்கவே தெரியலை" என்று என் மகன் சொல்லிவிட்டான். பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில், காரை எந்த மாடியில் விட்டேன் என்று நான் தேடிக்கொண்டிருந்த நேரம் பார்த்துச் சொன்னான். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது நான். பாப்கார்னுக்குக் கொடுத்ததும் நான்தான். நான் செய்த குற்றம், ஒரு சூப்பர் ஹீரோ படத்தின் நடுவில் நாற்பது நிமிடம் தூங்கியது.

இது முதல் தடவையல்ல. 2019இல் 'அவெஞ்சர்ஸ் எண்ட்கேம்' வந்தபோதும் இதே கதைதான். 181 நிமிடம் ஓடும் படம். கண்ணைக் கசக்கிக்கொண்டு "இவர் யாருப்பா, ஏன் எல்லாரும் அழறாங்க?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அந்த வரிசையில் அது 22ஆவது படமாம். முந்தைய 21ஐயும் பார்த்திருந்தால் எனக்கும் அழுகை வந்திருக்கும் என்றான் மகன். ஒரு படத்தில் அழுவதற்கு 21 படம் வீட்டுப்பாடம் செய்ய வேண்டுமா? ஐயா, எனக்கு வேறு வேலை இருக்கிறது.

நான் சினிமா விமர்சகன் இல்லை. எந்தக் காட்சியை எந்தக் கோணத்தில் எடுத்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் ஹாலிவுட் படம் பார்க்கக் கற்றுக்கொண்ட இடம் ஒன்று எனக்கு உண்டு. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ஆசிரியர், என் அம்மா.

அம்மா தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். கடைத்தெரு மலாய் நன்றாகப் பேசுவார், ஆனால் திரையின் அடியில் ஓடும் மலாய் எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் அது மறைந்துவிடும். ஆங்கிலம் சுத்தமாகக் கிடையாது. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வரிசையில் ஒரே ஒரு வீட்டில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. இரவில் ஆங்கிலப் படம் போட்டால் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். பன்னிரண்டு வயதான நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

"என்ன சொல்றான்?"

"அவனக் கொல்லப் போறேங்கறான்மா."

பாதி நேரம் எனக்கே தெரியாது. தெரியாத இடத்தில் நானாக ஒரு கதையைச் சேர்த்துவிடுவேன். அம்மா கொஞ்ச நேரம் திரையைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். "நீ சொல்றது ஒன்னு, அவன் மூஞ்சி சொல்றது ஒன்னு" என்பார். அதன் பிறகு நான் வாயைத் திறக்க மாட்டேன்.

ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' படத்தை அப்படித்தான் பார்த்தோம். 1975இல் வந்த படம், எங்கள் தோட்டத்துக்கு வந்துசேர அத்தனை வருடம் ஆகியிருக்கிறது. கடற்கரை ஊர், சுறா, விடுமுறைக் கூட்டம். கடற்கரையை மூடச் சொல்கிறார் போலீஸ் அதிகாரி. நங்கூரப் படம் போட்ட கோட்டோடு திரியும் மேயர் மூட விடமாட்டார். நான் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டார்: "ஏவாரம் கெட்டுடும்னு மறைக்கிறான்." எங்கள் தோட்டத்தில் அப்போது ஆற்றுப் பாலம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பாலத்தை மூடினால் பால்மரம் வெட்டுக்கு ஆள் போக முடியாது என்று கிராணி அதைப் பற்றி மேலே சொல்லாமலே இருந்தார். அதனால் அந்த மேயர் அம்மாவுக்குப் புது ஆள் இல்லை.

சுறாவுக்குப் பலியான பையனின் தாய் கறுப்பு உடையில் வந்து போலீஸ் அதிகாரியின் கன்னத்தில் அறைவார். வீடே அமைதியாக இருந்தது. "அடி சரிதான், ஆள்தான் மாறிப்போச்சு" என்றார் அம்மா. பிற்பாடு எத்தனையோ விமர்சனங்கள் படித்தேன், இந்தக் காட்சியைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

அந்தப் படத்துக்குச் செய்த இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிப்போனதாம். சுறாவைக் காட்ட முடியாமல் தண்ணீரையும் மஞ்சள் பீப்பாயையும் காட்டிச் சமாளித்தார்கள், இசையையும் நம்பினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகுதான் சுறா ஒழுங்காகத் தலையைக் காட்டுகிறது. 1993இல் வந்த 'ஜுராசிக் பார்க்' கதையும் ஏறக்குறைய அப்படித்தான். இரண்டு மணி நேரப் படத்தில் டைனோசர்கள் தெரிவது மொத்தமே சுமார் 15 நிமிடம். ஆனால் பிளாஸ்டிக் குவளையில் இருந்த தண்ணீர் அதிர்ந்ததே, அப்போதே அம்மா காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். இன்றைக்கு வரும் படங்களில் முதல் ஐந்தாவது நிமிடத்திலேயே எல்லா மிருகமும் வந்துவிடுகிறது. யாரும் காலைத் தூக்குவதில்லை.

தோட்டம் விற்றுப்போய் நாங்கள் கிள்ளானில் ஒரு தாமானுக்குக் குடிவந்த பிறகு, இரவுச் சந்தையில் வாங்கிய விசிடியில் 'டைட்டானிக்'. (ஆமாம், திருட்டு விசிடிதான். யாரோ தியேட்டரில் உட்கார்ந்து எடுத்தது. நடுவில் ஒரு தலை எழுந்து கழிவறைக்குப் போய்த் திரும்பி வரும்.) ஜேம்ஸ் கேமரூனின் காதல் கதையை நான் அவ்வளவாக மெச்சமாட்டேன். பணக்கார மாப்பிள்ளை துப்பாக்கியோடு துரத்துவது நம் பழைய படங்களில் பார்த்த சங்கதிதான். ஆனால் தொடக்கத்தில் ஒரு காட்சி வரும். கப்பலைத் தேடிவந்த ஆள் ஒருவன் கிழவிக்குக் கணினியில் படம் போட்டுக் காட்டுவான். முன்பக்கம் தண்ணீர் ஏறும், பின்பக்கம் தூக்கும், நடுவில் உடையும். அப்போது எனக்கு அது வெட்டிக் காட்சியாகத்தான் தெரிந்தது. இரண்டு மணி நேரம் கழித்துக் கப்பல் நிஜமாக மூழ்கும்போது அம்மா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்கு முன்பே தெரியும். மனிதர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்துக்குக் கொடுத்த 11 ஆஸ்கரில் ஒன்றாவது இந்த ஒரு யோசனைக்காக என்று வைத்துக்கொள்கிறேன்.

முடிவில் கிழவி நீலக்கல் மாலையைக் கடலில் போட்டபோது அம்மாவுக்கு வந்த கோபம் சாதாரணக் கோபமல்ல. "பேத்தி பக்கத்துலயே இருக்கா. வேணாம்னா அடகுக் கடையிலயாச்சும் வெச்சிருக்கலாம்!" நகையை வைத்து எங்களைப் படிக்கவைத்தவர். அந்தக் கோபம் நியாயமானதுதான்.

'ஸ்பீட்' படமும் அவருக்குப் பிடிக்கும். மணிக்கு 50 மைலுக்குக் கீழே வேகம் குறைந்தால் பஸ் வெடித்துவிடும். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டேன், அதன் பிறகு மொழிபெயர்க்க எதுவுமே இல்லை. சாண்ட்ரா புல்லக் பஸ்ஸை ஓட்டும்போது "இந்தப் புள்ள கெட்டிக்காரி" என்றார். கட்டி முடியாத பாலத்தில் பஸ் பறக்கும் இடத்தில் எனக்குத்தான் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை.

ஆனால் அதே அம்மா 1999இல் வந்த 'என்ட்ராப்மெண்ட்' படத்தைப் பார்த்துச் சிரித்தார். ஷான் கானரியும் கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸும் நம் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தில் திருட வருகிற படம். கோபுரத்தின் பக்கத்திலேயே ஓர் ஆறு, ஆற்றங்கரையில் பழைய வீடுகள். அது மலாக்கா ஆறு! மலாக்காவில் எடுத்ததைக் கோபுரத்தோடு ஒட்டவைத்திருந்தார்கள். அப்போதைய பிரதமர் மகாதீர்கூட இதற்கு அதிருப்தி தெரிவித்தார். "கே.எல்.சி.சி.க்கு ஆறு எப்படா வந்துச்சு?" என்று அம்மா கேட்க, நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகுதான் யோசித்தேன். 'ஸ்பீட்' படத்தின் பாலத்தில் இருந்த அந்த இடைவெளியும் கணினியில் உண்டாக்கியதுதான். லாஸ் ஏஞ்சல்ஸில் அந்தச் சாலையில் தினமும் போகிறவன் எப்படிச் சிரித்திருப்பான்! தெரியாத ஊர் என்றால் எதைக் காட்டினாலும் நம்பிவிடுகிறோம். 2018இல் வந்த 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' சிங்கப்பூர் கதை. அதில் நம்மவர்களைத் தேடினால் மாளிகை வாசலில் காவலுக்கு நிற்கிறார்கள். அமெரிக்காவில் அந்தப் படத்தைப் பார்த்தவர் சிங்கப்பூரில் இந்தியர் செய்யும் தொழில் அது ஒன்றுதான் என்று நம்பியிருப்பார்.

அம்மாவுக்கு விளங்காத படம் மோசமான படம் என்று நான் சொல்லவரவில்லை. '12 ஆங்கிரி மென்' என்று 1957இல் ஒரு படம். ஓர் அறை, பன்னிரண்டு ஆண்கள், முழுக்கப் பேச்சு. அம்மா பத்தாவது நிமிடத்தில் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டார். நான் அதை நான்கு முறை பார்த்திருக்கிறேன். பேச்சுப் படம் என்றால் பேச்சாவது காதில் விழ வேண்டும். கிறிஸ்டோபர் நோலனின் 'டெனட்' படத்தில் முகமூடிக்குள் என்ன பேசுகிறார்கள் என்று ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். எனக்கு அது பெரிய ஆறுதல்.

2012இல் 'லைஃப் ஆஃப் பை' வந்தபோது அம்மாவை வற்புறுத்தித் தியேட்டருக்கு அழைத்துப்போனேன். அப்போதே அவருக்குக் காது மந்தம். படம் தொடங்கியது. புதுச்சேரியில் ஒரு மிருகக்காட்சிசாலை, மிருகங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன, பின்னணியில் தமிழில் ஒரு தாலாட்டு. பாம்பே ஜெயஸ்ரீ பாடியது, ஆஸ்கருக்கும் பரிந்துரையானது. ஆங்கிலப் படத்துக்கு என்று வந்து உட்கார்ந்த அம்மா என் கையைப் பிடித்தார். "டேய், நம்ம பாட்டுடா." தியேட்டரில் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். அன்றைக்கு அந்தப் பாட்டுக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

பையனும் புலியும் ஒரே படகில் அத்தனை நாள் கிடந்து, கடைசியில் கரை சேர்கிறார்கள். புலி காட்டை நோக்கி நடக்கிறது, ஓரத்தில் ஒரு கணம் நிற்கிறது, திரும்பிப் பார்க்காமலே உள்ளே போய்விடுகிறது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா பேசவில்லை. தாமான் முனையில் காரைத் திருப்பும்போது சொன்னார்: "ஒரு தடவையாச்சும் திரும்பிப் பார்த்திருக்கலாம்."

"புலிதானம்மா, அதுக்கென்ன தெரியும்?"

"நான் புலியச் சொன்னேன்னு யாரு சொன்னா?"

என் தம்பி 2006இல் பெர்த்துக்குப் போனான். போவதற்கு முதல் நாள் வீட்டு விஷயமாக எனக்கும் அவனுக்கும் வாக்குவாதம். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. பணம் தவறாமல் அனுப்புகிறான், தீபாவளிக்குக் கூப்பிடுகிறான். அவ்வளவுதான். நானும் அதற்கு மேல் கூப்பிட்டதில்லை.

அம்மாவுக்கு இப்போது 82 வயது, காது அநேகமாக இல்லை. அவர் அறையில் தொலைக்காட்சி ஓடும்போது சத்தத்தையே நிறுத்திவிடுகிறோம். மகன் என்னைத் திட்டிய அதே வாரம், ஒரு மாலையில் 'காஸ்ட் அவே' போட்டேன். 2000இல் வந்தது. டாம் ஹாங்க்ஸ் கூரியர் நிறுவனத்தில் வேலை செய்கிறவர், விமானம் கடலில் விழுந்து தனித் தீவில் மாட்டிக்கொள்கிறார். அவர் உடம்பு இளைப்பதற்காகவே ஏறக்குறைய ஒரு வருடம் படப்பிடிப்பை நிறுத்திவைத்தார்கள். தீவில் இருக்கும்வரை பின்னணி இசையே கிடையாது, பேச்சும் கொஞ்சம்தான். சத்தமில்லாமல் பார்ப்பதில் நானும் அம்மாவும் அதிகமாக எதையும் இழக்கவில்லை.

தேங்காய் உடைக்கத் தெரியாமல் அவர் கல்லில் மோதுவதைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டார். தீ மூட்டியதும் கைதட்டினார். கைப்பந்தில் ரத்தத்தால் முகம் வரைந்து அதற்கு வில்சன் என்று பேர் வைத்துப் பேச ஆரம்பித்தபோது, இது ஏன் என்று அவர் கேட்கவில்லை. அப்பா போன பிறகு அம்மா கறிவேப்பிலைச் செடியோடு பேசுவதை நான் கேட்டிருக்கிறேன்.

பிறகு கடலில் அந்தப் பந்து மிதந்து விலகுகிறதே, அந்த இடம். "டேய், புடிடா, விட்றாத!" என்று அம்மா கத்திய கத்தலில், மேல்மாடியிலிருந்து மகன் கைப்பேசியோடு ஓடிவந்தான். "பாட்டிக்கு என்ன ஆச்சு?" ஒன்றும் ஆகவில்லை என்று கையைக் காட்டினேன். வாசலில் நின்றான். பந்து இன்னும் தூரம் போனது. மெல்ல வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். வில்சன் யார் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு படம்கூட அவன் பார்த்திருக்கத் தேவைப்படவில்லை. இதை நான் சொல்லிக்காட்டவில்லை, பெருந்தன்மையாக இருந்துவிட்டேன்.

படம் முடிந்து விளக்கைப் போட்டேன். அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பெர்த்துல இப்ப மணி என்னடா?"

விரலைக் காட்டிச் சொன்னேன். "நம்ம மணிதான்மா. ஒம்பது ஆகப்போகுது."

"சின்னவன் தூங்கியிருக்க மாட்டான்."

காது கேட்காதவருக்குத் தொலைபேசியால் என்ன பயன்? முகம் தெரிகிற மாதிரிதான் கூப்பிட வேண்டும். எனக்கு அது சரியாக வராது. மகனிடம் கைப்பேசியைக் கேட்டேன். எண்ணை நானே அழுத்தினேன்.