நின்ற படிப்பைத் தொடர முடியுமா?

கேள்வி: ‘பல்லடம் பக்கம் இரண்டு ஏக்கர். கிணற்றுத் தண்ணீர் ஆறு மாதம்தான். 16 வயது மகன் பத்தாவதில் கணக்கிலும் இங்கிலீஷிலும் தவறிவிட்டு, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறான். சனிக்கிழமை வரும் சம்பளம் வீட்டுக்குத் தேவைப்படுகிறது. இனி அவன் படிக்க முடியுமா? எனக்கும் கையெழுத்துக்கு மேல் தெரியாது.’

- வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: முடியும். மகனுக்கும் வழி உண்டு, தாய்க்கும் உண்டு.

மகனுக்கு நேர்வழி தனித்தேர்வு. தவறிய இரண்டு பாடங்களை மட்டும் எழுதினால் போதும். அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கும் நாட்களுக்குள் அதன் சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். படித்த பள்ளியின் தலைமை ஆசிரியரைக் கேட்டால் மையமும் தேதியும் தெரிந்துவிடும். பழைய மதிப்பெண் சான்றைத் தொலைத்துவிடக் கூடாது.

பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு, தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 1989-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் இது. 14 வயது நிரம்பியவர் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடங்களை ஐந்து ஆண்டுக்குள், ஒவ்வொன்றாகக்கூட முடிக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு, தமிழிலும் எழுதலாம். ‘பாஸ் கேரண்டி’ என்று பணம் கேட்கும் தரகர்களிடம் போகாமல், நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாகப் பதிவதே பாதுகாப்பு. அரசு வேலையை மனதில் வைத்திருப்பவர் மாநிலத் தேர்வையே எழுதிவிடுவது நல்லது.

கைத்தொழிலில் ஆர்வம் இருந்தால் ஐடிஐ. எட்டாவது தேறியவர்கள் சேரக்கூடிய பிரிவுகளும் அங்கே உண்டு.

14 வயது நிரம்பாத பிள்ளை என்றால் பேச்சே வேறு. 2016-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, அந்த வயதில் கம்பெனி வேலைக்கு வைப்பதே குற்றம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, எத்தனை ஆண்டு விட்டிருந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி வருகிற பையனுக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே தூக்கம் வரும். அவனுக்கு விடியற்காலை அரைமணி நேரமும், ஞாயிறு இரண்டு மணி நேரமும் தோதுப்படும். கணக்கை அவன் தொழிலிலிருந்தே தொடங்கலாம். பீசுக்கு 2 ரூபாய் 25 காசு என்றால் 340 பீசுக்கு எவ்வளவு? 765 ரூபாய் என்று மனக்கணக்கில் சொல்லிவிடுபவனுக்குத் தசமப் பெருக்கல் பாதி வந்துவிட்டது.

தாய்க்கு, 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இருக்கிறது. தன்னார்வலர்கள் இலவசமாகக் கற்றுத்தருகிறார்கள். அருகிலுள்ள அரசுப் பள்ளியில் விசாரிக்கலாம். வயதான பின் படிப்பு ஏறாது என்ற பேச்சைப் புதுக்கோட்டைப் பெண்கள் 1990-களிலேயே பொய்யாக்கிவிட்டார்கள். அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். அதுபோல, தனக்கு வேண்டியதிலிருந்து தொடங்குவது எளிது: பஸ் பலகை, ரேஷன் ரசீது, மருந்துக் கடைப் பில், மகனின் சம்பளச் சீட்டு.

ஒன்றை மட்டும் வீட்டில் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் மகன் அந்த அரை ஷிப்ட்டை விட வேண்டியிருக்கும். சனிக்கிழமைப் பணம் குறையும். எந்தச் செலவைத் தள்ளிவைப்பது என்று இப்போதே முடிவு செய்துகொண்டால், தேர்வு நேரத்தில் படிப்பு மறுபடி நிற்காது.