கொலைக்கதை கேட்ட கூடம்

துப்பறியும் நவீனம் என்றதும் முகஞ் சுளிக்கும் பெற்றோர் பலர் உளர். கொலையும் களவும் மலிந்த கதைகளைப் படித்தால் பிள்ளைகளின் உள்ளம் கெட்டுவிடும். பரீட்சைக்குப் படிக்கவேண்டிய நேரமும் பாழாகும் என்பது அவர்தம் கவலை. ஆசிரியர்களுள்ளும் இக்கருத்துடையோர் உண்டு. பாடநூலுக்குள் துப்பறியும் கதையை மறைத்து வைத்துப் படிக்கும் மாணவனோ, தான் செய்வது குற்றமன்று என்று எண்ணினாலும், குற்றவாளியைப் போலவே திருதிருவென விழிக்கிறான். கொலைக்கதைக்குக் குடும்பத்தில் இடமுண்டா, இல்லையா? இவ்வினாவுக்கு விடை தேடும் பொருட்டு, இவ்வாரம் நேயர்களை இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் பிரதேசத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

அங்கே டார்ட் என்னும் ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஆற்றை நோக்கிச் சரியும் அடர்ந்த சோலையின் உச்சியில், வெண்ணிற மாளிகையொன்று நிற்கிறது. கிறீன்வே என்பது அதன் பெயர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கட்டப்பட்டது. இம்மாளிகையையும் அதனைச் சூழ்ந்த 33 ஏக்கர் நிலத்தையும் 1938ஆம் ஆண்டில் 6,000 பவுண் கொடுத்து வாங்கியவர், துப்பறியும் நவீனங்களின் அரசியெனப் போற்றப்படும் அகதா கிறிஸ்டி அம்மையார். அவர் 1890இல், அங்கிருந்து அதிக தூரமில்லாத டோர்க்கீ நகரிற் பிறந்தவர். டார்ட் ஆற்றங்கரையிலுள்ள மாளிகைகளுள் கிறீன்வேயே நிறைவானது என்று அவருடைய தாயார் சொல்வதை இளமையிலேயே கேட்டிருந்தார். அம்மாளிகை விலைக்கு வந்தபோது, தாம் பிறந்து வளர்ந்த வீட்டை விற்று அதனை வாங்கினார்.

கிறீன்வே அவருக்கு ஓய்வில்லமாகவே இருந்தது. நூல்களைப் பெரும்பாலும் பிற இடங்களில் எழுதி முடித்துவிட்டு, கோடைகாலத்தில் அங்கு வந்து தங்குவார். அவருடைய கணவரும் தொல்பொருள் ஆராய்ச்சியாளருமான மாக்ஸ் மல்லோவன், மகள் ரொசலின்ட், பேரன் மத்தியூ, உற்றார் நண்பர் ஆகியோர் அங்கே கூடுவர். இராப்போசனம் முடிந்தபின் யாவரும் கூடத்தில் அமர, அம்மையார் இன்னும் வெளிவராத தமது புதிய நவீனத்தின் தட்டெழுத்துத் தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு சில அத்தியாயங்களை வாய்விட்டுப் படிப்பார். படித்து நிறுத்தியதும் விசாரணை தொடங்கும். கொலையாளி யார்? எதனால் அப்படிச் சொல்கிறீர்? பெரியவர் சிறியவர் என்ற பேதமின்றி ஒவ்வொருவரும் தத்தம் ஊகத்தைக் கூறுவர். விடையை அறிந்தவர் ஒருவரே, அவரோ சொல்லமாட்டார்.

இத்தனைக்கும் அவர் மிகுந்த கூச்சமுடையவர். இளம்பிராயத்தில் பாரிஸ் நகரில் முறைப்படி பியானோ பயின்றும், பிறர் முன்னிலையில் வாசிக்க இயலாத அளவுக்கு அச்சங் கொண்டவர். அத்தகையவர் தமது கதையை வீட்டார் நடுவில் துணிந்து படித்தார் எனில், அக்கூடம் அவருக்கு எத்துணை நம்பிக்கைக்குரியதாய் இருந்திருக்கவேண்டும்!

அந்த மாலைப்பொழுதில் நிகழ்ந்தது வெறும் பொழுதுபோக்கா என்று சற்றே சிந்திப்போம். கேட்போர் ஒவ்வொரு சொல்லையும் கவனித்தல் வேண்டும். எவர் எப்போது எங்கே நின்றார், எவர் கூற்று எவர் கூற்றோடு முரண்படுகிறது என்பனவற்றை மனத்தில் இருத்தல் வேண்டும். ஒருவர்மீது ஐயங் கொண்டால் அதற்குக் காரணங் காட்டல் வேண்டும். அடுத்த அத்தியாயம் அக்காரணத்தைத் தகர்த்துவிட்டால், கூச்சமின்றித் தம் கருத்தைக் கைவிடல் வேண்டும். தர்க்க நூலார் பல பக்கங்களில் விளக்கும் நெறியை அவ்வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாகவே கற்றனர். கோயில் மண்டபத்தில் ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, புராணபடனம் கேட்டு வளர்ந்த நம்மவருக்கு, கூடியிருந்து கேட்டலின் பயன் புதிதன்று.

இனி, அம்மையார் அம்மாளிகையை என்ன செய்தார் என்பதைப் பார்ப்போம். தாம் உயிரென நேசித்த அந்த வீட்டையே தம் கதைகளிற் கொலைக்களம் ஆக்கினார்! ஆற்றை நோக்கிப் பழைய பீரங்கிகள் நிற்கும் மதில்மேடை ஒன்று அத்தோட்டத்தில் உண்டு. 'ஐந்து பன்றிக்குட்டிகள்' எனப் பொருள்படும் 1942ஆம் ஆண்டு நவீனத்தில், ஓவியன் ஒருவன் அத்தகைய மேடையிலேதான் நஞ்சுண்டு மடிகிறான். 1956இல் வந்த 'இறந்தவனின் மடமை' என்ற கதையில், ஆற்றோரத்துப் படகுக் கொட்டகையில் ஒரு சிறுமி கொல்லப்படுகிறாள். 1958இல் வெளிவந்த 'குற்றமின்மையின் சோதனை' என்ற கதையிலோ, ஆற்றைக் கடக்கும் தோணியில் வந்திறங்கும் ஒருவர், அமைதி நிலவும் ஒரு குடும்பத்துக்கு அமைதியைக் குலைக்கும் செய்தியொன்றைக் கொண்டுவருகிறார்.

இவற்றுள் இரண்டின் பொருளை நேயர்கள் கவனித்தல் நன்று. முதலாவதில், கணவனைக் கொன்றாள் என்று தண்டிக்கப்பட்ட ஒருத்தி சிறையிலேயே இறந்துபோகிறாள். பதினாறு ஆண்டுகளுக்குப் பின், வளர்ந்துவிட்ட அவள் மகள் துப்பறிவாளர் புவாரோவிடம் வந்து, உண்மை எதுவாயினும் அதனைக் கண்டு சொல்லும்படி வேண்டுகிறாள். இறந்தவளை இனி எந்தத் தீர்ப்பும் எழுப்பப் போவதில்லை. எனினும் உண்மை வேண்டும் என்கிறாள். கோவலன் மாண்டபின்னரும் சிலம்போடு பாண்டியன் அவைக்குச் சென்றாளே கண்ணகி, அவள் வேண்டியதும் கணவனின் உயிரையன்று. சிலம்பினுள் இருந்த பரல் முத்தா மாணிக்கமா என்ற உண்மையையே.

மற்றைய கதை இன்னும் நுட்பமானது. வளர்ப்புத் தாயைக் கொன்றான் என்று தண்டனை பெற்ற ஒருவன் சிறையில் இறந்துவிடுகிறான். அவன் குற்றமற்றவன் என்பதற்குச் சாட்சி, காலங் கடந்து வருகிறது. குடும்பத்தார் மகிழ்ந்தார்களா? இல்லை. அவன் கொல்லவில்லையெனில், எஞ்சியிருக்கும் நம்முள் ஒருவரே கொன்றவர்! கணவன், பிள்ளைகள், பணியாள் ஆகிய ஒவ்வொருவரும் மற்றவரை ஐயத்துடன் நோக்கத் தொடங்குகின்றனர். உண்மை மறைந்திருக்குமளவும் தண்டனை அனுபவிப்போர் குற்றமற்றவர்களே என்பதுதான் அக்கதையின் உட்பொருள். முடிவுகளை இங்கே கூறேன். அது படிப்போர்க்குச் செய்யும் துரோகமாகும்.

கொலைக்கதை உள்ளத்தைக் கெடுக்கும் என்போர்க்கு இன்னொரு செய்தியையும் சொல்லலாம். முதலாம் உலகப் போரின்போது டோர்க்கீயில் ஒரு மருத்துவமனையின் மருந்துச் சாலையில் அம்மையார் பணியாற்றினார். நஞ்சுகளைப் பற்றிய அவருடைய அறிவு அங்கே பெற்றது. 1961இல் வெளிவந்த 'வெளிறிய குதிரை' என்ற நவீனத்தில், தல்லியம் என்னும் நச்சு உலோகத்தால் விளையும் குறிகளை, முடி உதிர்தல் முதலாகச் சரியாக வருணித்திருந்தார். 1977இல், கட்டார் நாட்டிலிருந்து லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு குழந்தையின் நோயை மருத்துவர்களால் அறிந்துகொள்ள இயலவில்லை. அந்நவீனத்தைப் படித்துக்கொண்டிருந்த தாதி ஒருவர், இது தல்லியமாக இருக்கலாம் என்றார். சோதித்தபோது அதுவே உண்மையாயிற்று; குழந்தை பிழைத்தது. அம்மையார் அதற்கு முந்திய ஆண்டு, 1976 சனவரியில், காலமாகியிருந்தார்.

இத்துணை கூறியபின், கிறீன்வேயின் பழங்கதையையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. இன்றுள்ள மாளிகைக்கு முன்னர் அவ்விடத்தில் கில்பேட் குடும்பத்தாரின் வீடு இருந்தது. கடலோடியான சேர் ஹம்ப்ரி கில்பேட் 16ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்தவர். சேர் வோல்டர் ராலேயின் தாய்வழிச் சகோதரர். 1583இல் நியூபவுண்ட்லாந்தை இங்கிலாந்து அரசிக்கு உரியதென்று பிரகடனஞ் செய்து, திரும்பும் வழியிற் கடலில் மூழ்கி மாண்டவர். பாடநூல்கள் இவ்வளவில் நின்றுவிடும். ஆனால் அவரே 1569இல் அயர்லாந்துக் கிளர்ச்சியை அடக்கச் சென்றபோது, தமது கூடாரத்துக்குச் செல்லும் பாதையின் இருமருங்கும் வெட்டுண்ட தலைகளை வரிசையாக வைத்தார் என்றும், அவரைக் காண வந்த மக்கள் தம் தந்தையர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரின் தலைகளைக் கண்டு நடுங்கினர் என்றும், அவரைப் புகழ்ந்து எழுதிய அக்காலத்தவர் ஒருவரே எழுதிவைத்துள்ளார். அத்தலைகளுக்குரியோர் எவர், அவர்கள் செய்த குற்றம் யாது என்று கேட்க எந்தப் புவாரோவும் வரவில்லை. 1570இல் அவருக்குக் கிடைத்தது வீரப்பட்டம்.

இங்கேதான் துப்பறியும் நவீனத்தின் பெருமையும் சிறுமையும் ஒருங்கே தெரிகின்றன. ஓருயிர் போயினும் அதற்குக் கணக்குக் காட்டவேண்டும் என்று அது கேட்கிறது. கொல்லப்பட்டவர் நல்லவரா கெட்டவரா என்று பாராது, உண்மை வெளிப்படும்வரை ஓயமாட்டேன் என்கிறது, இது பெருமை. ஆனால் அம்மையாரின் நீதி பெரும்பாலும் மாளிகைக் கூடத்தைத் தாண்டுவதில்லை. அயல்நாட்டாரையும் யூதரையும் பற்றிய இழிவான பேச்சுகள் அவருடைய முற்பட்ட நூல்களில் உண்டு. 1939இல் வெளிவந்த புகழ்பெற்ற நூலொன்றின் தலைப்பே கறுப்பின மக்களைப் பழிப்பதாயிருந்தமையால் பின்னர் மாற்றப்பட்டது. படிக்கும்போது இதனையும் அறிந்தே படிக்கவேண்டும்.

கிறீன்வேயை அம்மையாரின் குடும்பத்தார் 2000ஆம் ஆண்டில் நாஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனத்துக்கு நன்கொடையாக அளித்தனர். மாளிகை 2009இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே தங்கியிருந்த அமெரிக்கக் கடற்படையினருள் ஒருவர் நூலகச் சுவரின் மேற்புறத்தில் தீட்டிய போர்க்கால ஓவியத்தை இன்றும் காணலாம். அதனை அழித்துவிடவா என்று கேட்டபோது, போரின் நினைவாக இருக்கட்டும் என்று அம்மையார் காத்துக்கொண்டார்.

ஆகவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கொலைக்கதை படிப்பதைக் கண்டால் நூலைப் பறிக்காதீர்கள். ஒரு மாலை அருகில் அமர்ந்து, சில பக்கங்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். யாரை ஐயுறுகிறாய் என்று கேளுங்கள். எதனால் என்று உடனே வினவுங்கள். காரணமின்றி ஒருவரைக் குற்றவாளியென்று கூறலாகாது என்பதை ஒரு பிள்ளை இளமையிலேயே பழகிக்கொண்டால், பிற்காலத்தில் அயலவரைப் பற்றிய வதந்தி காதில் விழும்போதும் அதே கேள்வியை அது கேட்கும். மாணவர்களுக்கும் ஒரு சொல்: வரலாற்று நூலைப் படிக்கும்போதும் அந்தத் துப்பறிவாளனை உடன் அழைத்துச் செல்லுங்கள். பட்டம் பெற்றவரின் பெயர் அங்கே எழுதப்பட்டிருக்கும். பாதையின் இருமருங்கும் கிடந்தவர்களின் பெயரைத் தேடிக் கேட்பவர் நீங்களாய் இருங்கள்.