யவனர் அறிவும் கடவுட் கொள்கையும்

மேலைநாட்டுக் கலைகள் பலவற்றிற்கும் தாயகமாய் விளங்கியது யவனர் நாகரிகம் என்பது யாவர்க்கும் ஒப்ப முடிந்ததொன்று. யவனர் என்னும் பெயர் பழைய தமிழ் நூல்களிற் கிரேக்கரோடு உரோமரையுங் குறித்து வழங்கியதேனும், ஈண்டு யாம் கிரேக்கரையே அச்சொல்லாற் குறிக்கின்றாம். அவர் வளர்த்த கணிதமும், வானூலும், மருத்துவமும், அளவைநூலும், நாடகமும், குடியாட்சி முறையும் இன்றும் உலகில் வழங்கி வருதலை மறுப்பார் இலர். ஆயின், இம்மெய்யினின்றும் ஒரு பொய்யை ஈன்றெடுப்பார் சிலர் உளர். "யவனர் கடவுளைக் கைவிட்டமையாலன்றோ அறிவிற் சிறந்தனர், கடவுட்பற்று உள்ள துணையும் அறிவு வளராது, ஆகலின் நீவிரும் அதனைக் கைவிடுமின்" என்பது அவர்தங் கூற்று. கல்லூரிகளிற் பயிலும் இளைஞர் இதனை ஆராயாது மேற்கொள்வராயின், யவனரையும் அறியாதவராவர். தம் பெரியோர் தந்த செல்வத்தையும் இழந்தவராவர். ஆகலான் அக்கூற்றின் வன்மை மென்மைகளை ஆராய்வாம்.

முதற்கண், யவனர் கைவிட்டது யாது? யவன மெய்ந்நூலார்க்கு முதல்வராக வைத்து எண்ணப்படுபவர் மிலேத்தஸ் நகரத்துத் தேலீசர். உலகிற்கு முதற்பொருள் நீரே என்ற அவரே, எல்லாப் பொருளினும் தெய்வம் நிறைந்துளது என்றுங் கருதினாரென அரிஸ்டாட்டில் எடுத்துரைக்கின்றார். அவர்க்குப் பின்வந்த செனோபனீசர், ஓமரும் எசியோதும் களவு, பிறன்மனை நயத்தல், வஞ்சம் முதலிய இழிதொழில்களைத் தெய்வங்கள்மேல் ஏற்றிப் பாடினரென்று கடிந்தார். எருதுகளுக்குக் கைகள் உளவாயின் அவை தம் தெய்வத்தை எருதாகவே வரையும் என்று எள்ளினார். இவ்வளவில் நிறுத்தி, "காண்மின், நாத்திகர்!" என ஆரவாரிப்பர் எதிர்க்கட்சியார். அவரே உருவானும் உணர்வானும் மக்களை ஒவ்வாத ஒப்புயர்வற்ற கடவுள் ஒருவர் உளர் என்று மொழிந்ததனை மட்டும் மறைத்துவிடுவர். பிளேட்டோவும் தமது 'குடியரசு' என்னும் நூலில் அத்தகைய கதைகளை விலக்கியது, கடவுள் நன்மையே உருவானவர், தீமைக்குக் காரணராகாதவர், திரிபில்லாதவர் என்னும் முடிபு பற்றியேயாம். அவரது 'சட்டங்கள்' என்னும் நூலின் பத்தாம் பகுதி நாத்திகரை மறுத்தற்கென்றே எழுந்தது. ஆகவே அவ்வறிஞர் களைந்தது கடவுளையன்று. கடவுள்மேற் சார்த்தப்பட்ட இழிவினையே என்க. பொன்னின் மாசு துடைத்தானைப் பொன்னை எறிந்தான் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இனி, அவர்தங் கணிதமேனும் கடவுட் கொள்கைக்குப் புறம்பாய் வளர்ந்ததோ எனின், அதுவுமன்று. எண்ணின் இயல்பை ஆராய்ந்த பைதாகோரசர் மரபினர் உயிர் அழியாதது, உடல்கடோறும் மாறிப் பிறப்பது எனக் கொண்டு, ஊனுணவு முதலியவற்றில் நோன்பு காத்தவர். யூக்ளிதர் தொகுத்த வடிவகணித நூலின் அரிய பகுதிகட்கு அடிகோலிய தியத்தீத்தசரும் யூதோக்சசரும் பிளேட்டோவின் கழகத்தொடு தொடர்புடையோர். கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் வானூலை முறைப்படுத்திய தாலமி, விண்மீன்களின் ஒழுங்கை ஆராய்தல் தெய்வத்தன்மையை உணர்தற்கு வழியாம் என்று தம் நூன்முகத்திலேயே கூறினார்.

அற்றேல், சாக்ரட்டீசரைக் கொன்றது சமயமன்றோ எனக் கடாவுவர். கி. மு. 399-இல், நகரத் தெய்வங்களை மதியாமை, புதுத் தெய்வங்களைப் புகுத்தல், இளைஞரைக் கெடுத்தல் என்னுங் குற்றங்கள் அவர்மேற் சாட்டப்பட்டமை உண்மையே. அவற்றின் பின்னணியையும் நோக்குக. கி. மு. 404-இல் ஏதென்ஸ் போரில் தோற்றபின் முப்பதின்மர் கொடுங்கோல் நடாத்தினர். அவருட் தலைநின்ற கிரிதியாசன் முன்பு சாக்ரட்டீசரொடு பழகியவன். மறு ஆண்டிற் குடியாட்சி மீண்டபோது, பழைய அரசியற் குற்றங்களுக்காக எவரையும் வழக்கிழுத்தலாகாதென விதி செய்யப்பட்டது. ஆகலான் அரசியற் பகை சமயப் போர்வை போர்த்து வந்ததென வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். போர்வை எதுவாயினும், நின்றவர் நிலை யாது? மனிதர்க்குப் பணிதலினுங் கடவுட்குப் பணிதலே தமக்குக் கடன் என்று நீதிமன்றத்தில் உரைத்தவர் அவர். குற்றமில்லா ஒருவரைப் பிடித்து வருகவென முப்பதின்மர் ஏவியபோது, மறச்செயலுக்கு அஞ்சி, உயிர்க்கு அஞ்சாது, வாளா வீடு திரும்பியவரும் அவரே. நஞ்சுண்டு கிடந்த இறுதிப் பொழுதிலும் மருத்துவத் தெய்வத்திற்குச் செலுத்தவேண்டிய நேர்த்திக்கடனை நினைவுறுத்தினார். அன்றிறந்தவர் நாத்திகரல்லர், உண்மைப் பத்தரே. சடங்கை மட்டுங் காத்து அறத்தைக் கைவிட்ட கூட்டம் கடவுளின் பெயராலேயே கடவுளன்பரைக் கொல்லும் என்னும் இப்பாடம் சமயத்தார்க்கும் உரியதென்பதை யாம் மறைக்கின்றிலேம்.

தெமாக்கிரிதரும் எபிக்கூரரும் அணுக்கொள்கை நாட்டினரன்றோ எனின், நாட்டினர். அவர்தம் நுண்ணறிவு போற்றத்தக்கதே. ஆயினும் எபிக்கூரரும் தெய்வங்கள் இல்லையென்றாரல்லர். அவை உலகினைக் கருதாது இன்புற்றிருக்கும் என்றார். அருளில்லாக் கடவுளைக் கொண்ட அக்கொள்கை நமக்கு உடன்பாடன்று. அதனை நாத்திகமெனக் காட்டுதலும் நேர்மையன்று.

இனி, கடவுளச்சம் உள்ளத்தினின்று நீங்கிய அறிவு செய்ததனையும் யவனர் வரலாறே கூறும். கி. மு. 432-இல் பார்த்தினான் கோயிலை முடித்த ஏதென்ஸ் மக்கள், பதினாறு ஆண்டு கழித்து, கி. மு. 416-இல், தமக்குப் பணியாத மீலோஸ் என்னுஞ் சிறு தீவை முற்றுகையிட்டனர். அத்தீவினர் நீதியையும் தெய்வத்தையுஞ் சுட்டியபோது, வலியார் இயன்றது செய்வர், மெலியார் பொறுத்தே ஆகவேண்டும், தெய்வங்களின் நெறியும் இதுவே என விடையிறுத்தனர் எனத் தூசிதைதர் எழுதுகின்றார். தீவு வீழ்ந்தபின் ஆடவர் கொலையுண்டனர். பெண்டிரும் மக்களும் அடிமைகளாய் விற்கப்பட்டனர். சிற்பமும் நாடகமும் உச்சியிலிருந்த நாளில் நிகழ்ந்தது இது! அவர் வியந்த குடியாட்சியிலும் பெண்டிர்க்கும், அடிமைகட்கும், வந்தேறிகட்கும் வாக்கில்லை. லாரியம் வெள்ளிச் சுரங்கங்களில் அடிமைகள் உழைத்தனர். சிலர் இயல்பானே அடிமைகள் என்று அரிஸ்டாட்டில் போன்ற பேரறிஞரே எழுதினார்.

அவ்விழிவை மறுத்த குரல் எங்கிருந்து எழுந்தது? கடவுள் எல்லாரையும் உரிமையோடு விடுத்தார், இயற்கை யாரையும் அடிமையாக்கவில்லை என்றவர் அல்கிதாமசர். பின்வந்த உறுதிக் கொள்கையினருள் எபிக்தேதசர் தாமே அடிமையாய் இருந்தவர். மக்கள் யாவரும் கடவுளின் மக்களாதலின், அடிமையும் உடன்பிறந்தானே என்று கற்பித்தார். அடிமை முறை அவர் சொல்லால் அழிந்திலது. எனினும், அது தவறென்று காட்டிய அறிவு பிறந்தது ஓரிறைக்கு யாவரும் உறவினர் என்னும் உணர்விலேயாம்.

அவர் நூல்கள் நம் காலம்வரை வந்த வழியும் இதற்குச் சான்று. கி. பி. 529-இல் சஸ்தினியன் என்னும் பேரரசன் ஏதென்சில் மெய்ந்நூல் கற்பித்தலைத் தடுத்தமை பெரும்பிழை. அதனை யாம் மறுக்கமாட்டேம். ஆயினும் அந்நூல்களைப் படியெடுத்துக் காத்தோருள் துறவிகள் பலர். ஒன்பதாம் நூற்றாண்டிற் பாக்தாத் நகரில் அவற்றைச் சிரியம், அரபு மொழிகளிற் பெயர்த்தவருள் தலைசிறந்த உனைன் கிறித்தவர். பொருளீந்து புரந்தோருட் பலர் முகம்மதியர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் அரபினின்றும் இலத்தீனிற் பெயர்த்தாருள்ளும் சமயத் தொண்டர் பலர். கடவுட்பற்று அறிவிற்குப் பகையாயின், இத்துணைப் பேர் இத்துணை நூற்றாண்டு அதனைச் சுமந்ததென்னை?

ஆகவே, யவனர் வரலாறு நாத்திகத்திற்குச் சான்று கூறாது. ஆராயாத பத்தி அறிஞரைக் கொல்லும் என்றும், அருளில்லாத அறிவு ஊரையே கொல்லும் என்றும் இரு பக்கமும் அது எச்சரிக்கின்றது. யவனர் அறிவினைத் தயங்காது கற்க; அவர்தம் நூல்களை முழுதுங் கற்க. அங்ஙனங் கற்பார்க்கு, அறிவு முதிருந்தோறும் அறிவிற்கறிவாய் நிற்கும் முதற்பொருளை நாடிச் சென்ற பெரியோரே ஆண்டும் வாழ்ந்தனர் என்பது இனிது விளங்கும்.