எத்தனால் கணக்கில் அரிவாள் இல்லை

பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு என்ற இலக்கை 2030-இலிருந்து 2025-26க்கு முன்னே இழுத்து, எட்டியும் விட்டோம் என்கிறது ஒன்றிய அரசு. மைலேஜ் குறையுமா, இன்ஜின் கெடுமா என்று சமூக ஊடகங்களில் பெரும் சண்டை. கரும்பை வெட்டியது யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி, நெய்க்காரப்பட்டி பக்கம் போனால் கரும்புத் தோட்டங்களைப் பார்க்கலாம். தோட்டம் ஊருக்குள் இருப்பவருடையது. அரிவாள் பெரும்பாலும் காலனியிலிருந்தோ, முன்பணம் கொடுத்து மேஸ்திரி வெளியூரிலிருந்து கூட்டிவரும் குடும்பங்களிடமிருந்தோ வருகிறது.

கரும்புச் சாற்றிலிருந்து எடுக்கும் எத்தனாலுக்கு லிட்டருக்கு 65.61 ரூபாய் என்று விலை வைத்தது ஒன்றிய அரசு. 2025-26 பருவத்தில் குவிண்டால் கரும்புக்கு 355 ரூபாய் என்று நிர்ணயித்ததும் அதே அரசு. வெட்டுக்கூலியை மட்டும் மேஸ்திரியிடம் விட்டுவிட்டது! ஆலை பாக்கி வைத்தால் விவசாயி போராடுகிறார், நியாயம்தான். ஆனால் அவரது கணக்கிலும் வெட்டுக்கூலி 'செலவு' என்றுதான் வருகிறது.

இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்பதற்கு மகாராஷ்டிராவின் பீட் மாவட்டம் சாட்சி. அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே 'கொய்தா'. அந்தச் சொல்லுக்கு அரிவாள் என்று பொருள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிடாய் வலி என்றாலும் அபராதம். 2019இல் அரசு அமைத்த குழு விசாரித்த சுமார் 82,000 பெண்களில் 13,000க்கும் மேற்பட்டோருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. இதைத்தான் பசுமை எரிபொருள் என்கிறார்கள்.

இதில் உலக அரசியலும் உண்டு. இந்தியாவின் சர்க்கரை மானியத்துக்கு எதிராக ஆஸ்திரேலியா, குவாத்தமாலாவுடன் சேர்ந்து 2019இல் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது பிரேசில். 2021இல் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக வந்தது. அதே பிரேசில் 2023 டெல்லி ஜி-20 மாநாட்டில் இந்தியாவோடு உயிரி எரிபொருள் கூட்டணி அமைத்தது. இந்தியச் சர்க்கரை உலகச் சந்தைக்கு வராமல் இங்கேயே எரிந்தால் பிரேசிலுக்கு லாபம், நம் ஆலை முதலாளிகளுக்கும் நஷ்டமில்லை. அடிமைகளை வைத்துத் தொடங்கிய பிரேசில் கரும்புத் தோட்டங்களில் இன்று வெட்டுவது பெரும்பாலும் இயந்திரம். வெட்டியவர்களுக்கு வேலை போனது, நிலம் வரவில்லை.

இங்கும் இயந்திரம் வந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 20 சதவீதம் பட்டியல் சாதியினர்; நிலத்தில் அவர்களுக்கு அதில் பாதிப் பங்குகூட இல்லை. எத்தனால் விலை அறிவிக்கும் அதே ஆணையில் டன்னுக்கு இவ்வளவு வெட்டுக்கூலி என்று எழுதட்டும். ஆலையே அதைக் கொடுக்கட்டும், பெண்ணின் கூலி பெண்ணின் கணக்கில் தனியாக.